மோகமுள்ளும் பெருந்திணையும்

தமிழிலக்கியத்தில் காதலைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் குறிஞ்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். ஒத்த தலைவனும் ஒத்த தலைவியும் மலைச்சாரலில் எதிர்ப்படுவர். ஊழ் அவர்களைக் கூட்டும். தோழி துணை நிற்பாள். இடையூறுகள் பல வரினும் இறுதியில் மணம் நிகழும். மேடைகளிலும் மலர்களிலும் நாம் மிகுதியாகப் போற்றி வந்திருப்பது இந்த அன்பின் ஐந்திணையையே. ஆனால் தொல்காப்பியர் அகத்திணை ஐந்து என்று சொல்லி நிறுத்திவிடவில்லை. ஏழு என்றார். ஐந்திணைக்கு முன்னே கைக்கிளையையும் பின்னே பெருந்திணையையும் வைத்தார். ஒருவர் உள்ளத்தில் மட்டும் எழும் விருப்பம் கைக்கிளை. பொருந்தாதார் இருவரிடையே எழும் விருப்பம் பெருந்திணை. வீட்டுக்குக் கூடம் இருப்பது போலவே திண்ணையும் கொல்லையும் உண்டு. குடும்பம் கூடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதை இலக்கணம் வகுத்தவர் அறிந்திருந்தார்.

அறிந்திருந்தும் அவர் இவ்விரண்டையும் ஓரத்தில்தான் வைத்தார். உயர்ந்த தலைமக்களுக்கு ஐந்திணை; அடியோர்க்கும் வினைவலர்க்கும் இவ்விரண்டும் விலக்கன்று என்பது பழைய இலக்கணத்தின் போக்கு. பிறர் ஏவலில் வாழ்பவனுக்கு ஒத்த அன்பு வாய்க்கும் வசதி குறைவு என்று அக்காலம் எண்ணியது போலும். நம் காலத்து நாவலோ இந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. நாவலின் தலைமக்கள் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், வேலை தேடும் பட்டதாரிகள், வரன் அமையாத பெண்கள். எனவே ஓரத்தில் இருந்த பெருந்திணை, நாவல் தோன்றிய பின் நடுக்கூடத்திற்கு வந்து அமர்ந்துவிட்டது. அவ்வாறு வந்தமர்ந்த நூல்களுள் தலையாயது தி. ஜானகிராமனின் 'மோகமுள்' என்பது நம் துணிபு. அதனை இக்கட்டுரையில் சிறிது ஆராய்வோம்.

நூலும் ஆசிரியரும்

தஞ்சை மாவட்டத்தில் 1921-இல் பிறந்த ஜானகிராமன், கும்பகோணம் கல்லூரியில் பயின்று, பள்ளி ஆசிரியராய்ச் சில ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் வானொலியின் கல்வி ஒலிபரப்புத் துறையில் சென்னையிலும் டில்லியிலும் உழைத்தவர். மத்திய அரசுப் பணி மனிதரை ஊர் விட்டு ஊர் பெயர்க்கும் என்பதை நம்மைப் போலவே அறிந்தவர். 1982-இல் அவர் மறைந்தார். 1979-இல் சாகித்திய அக்காதெமி விருது அவருக்குக் கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்னும் சிறுகதைத் தொகுதிக்காக. ஆனால் வாசகர் நெஞ்சில் அவர் பெயரோடு முதலில் எழுவது 'மோகமுள்'தான். 1950-களில் 'சுதேசமித்திரன்' வாரப் பதிப்பில் தொடர்கதையாக வந்து, 1964-இல் நூலாயிற்று.

கதையைச் சுருங்கச் சொன்னால் இவ்வளவே: பாபநாசத்தைச் சேர்ந்த பாபு கும்பகோணத்தில் கல்லூரியில் படிக்கிறான். சங்கீதத்தில் தணியாத ஆர்வம் உடையவன். தன் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான யமுனாவிடம் அவன் மனம் செல்கிறது. யமுனா அவனுக்கு ஏறத்தாழ பத்து வயது மூத்தவள். சுப்ரமணிய ஐயர் என்னும் மிராசுதாருக்கும், அவர் இரண்டாம் தாரமாகக் கொண்ட பார்வதி என்னும் தஞ்சை மராட்டியப் பெண்ணுக்கும் பிறந்த மகள். பெண் பார்க்க வருவோர் வருகின்றனர். பிறப்பை அறிந்து போய்விடுகின்றனர். பாபு தன் உள்ளத்தைத் திறந்து சொல்கிறான், யமுனா மறுக்கிறாள். ஆண்டுகள் உருள்கின்றன. தகப்பனார் மறைந்தபின் ஆதரவு குன்றி, வறுமை அவளை அரிக்கிறது. இறுதியில் சென்னையில், காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பாபுவின் வாழ்வோடு அவள் இணைகிறாள்.

இக்கதையைப் பற்றி இரு வேறு கருத்துகள் நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றன. ஒழுக்கத்தைக் குலைக்கும் கதை, வீட்டில் பிள்ளைகள் கையில் படக்கூடாதது என்பது ஒன்று. மோகத்திலிருந்து தெய்வீகத்துக்கு ஏறும் படிக்கட்டு, யமுனா ஒரு தேவி, பாபு ஓர் உபாசகன் என்பது மற்றொன்று. முதற்கருத்தைப் பற்றி நெடிது பேச வேண்டுவதில்லை. நூலைப் படித்து முடித்தவர் எவரும் அதை மீண்டும் சொல்லார். இரண்டாவது கருத்தே ஆபத்தானது. அது புகழ்மொழியின் உருவில் வருவதால் நாம் எச்சரிக்கையாய் இருப்பதில்லை.

பத்துப் பொருத்தம்

தலைவன் தலைவியரிடையே அமைய வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக எண்ணிக் காட்டுகிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். பிறப்பு, குடியின் ஒழுக்கம், ஆளும் திறன், வயது, உருவம், அன்பின் அளவு, மனத்தைக் காக்கும் நிறை, அருள், உணர்வு, செல்வம் என்பன அவை. நம் வீடுகளில் ஜாதகம் பார்க்கும் பத்துப் பொருத்தம் வேறு, இது வேறு. இது விண்மீனைப் பார்ப்பதில்லை, மனிதரைப் பார்க்கிறது.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பாபுவையும் யமுனாவையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். வயது பொருந்தவில்லை. பிறப்பு, ஊரார் கண்ணில் பொருந்தவில்லை. செல்வம் இருவரிடமும் பெரிதாய் இல்லையெனினும், ஒருவனுக்குப் படிப்பும் வேலையும் வரவிருக்கின்றன. மற்றவளுக்கு இருந்ததும் போய்க்கொண்டிருக்கிறது. அன்பின் அளவு? அவனிடம் பெருக்கெடுத்து ஓடுகிறது. அவளிடம் நெடுங்காலம் அவன்மேல் இருப்பது பரிவும் வாஞ்சையுமே. நிறை என்னும் மனக்காவலோ நேர்மாறு: அவளிடம் மலைபோல் உண்டு; அவனிடம் மணல்வீடு. எஞ்சி நிற்பன அருளும் உணர்வும். இவ்விரண்டும் முதலில் ஒத்திருந்தனவா, பின்னர் ஒத்தனவா, இறுதிவரை ஒக்கவே இல்லையா என்பதே நாவலின் உயிரான வினா.

இங்கே பலரும் வயது வேறுபாட்டையே பெரிதுபடுத்துவர். நம் பார்வையில் பத்து வயது என்பது இக்கதையில் ஒரு திரை. அதன் பின்னே நிற்கும் பொருந்தாமை வேறு. பாபுவைத் தாங்க ஆட்கள் இருக்கின்றனர். இசையை நேசிக்கும் தந்தை வைத்தி இருக்கிறார். உள்ளதை உள்ளபடி சொல்லும் நண்பன் ராஜம் இருக்கிறான். சுருதி சுத்தமே தவமாய் வாழும் ரங்கண்ணா குருவாய் வாய்க்கிறார். கீழே விழுந்தால் தூக்கிவிட மூன்று கைகள். தூக்கிவிட்டபின் பற்றிக்கொள்ள ஒரு தம்புரா. யமுனாவைத் தாங்க யார் உளர்? தந்தை இருந்தவரை அவர் நிழல். அவர் போனபின் அதுவும் இல்லை. தாயோ தானே ஒரு நிழலைத் தேடி நிற்பவள். இந்த ஏற்றத்தாழ்வே உண்மையான பொருந்தாமை. காதலித்துத் தோற்றுப்போக அவனால் முடியும். அவளுக்குத் தோற்கக்கூட வசதியில்லை.

வழிபாட்டின் வன்மை

பாபு யமுனாவைத் தெய்வமாக எண்ணுகிறான் என்பது மெய். அவள் முன் தன் இழிவை உணர்கிறான். அவள் அழகில் கோயிற் சிற்பத்தின் அமைதியைக் காண்கிறான். ஆயினும் தெய்வமாக்குவதிலும் ஒரு வன்மை உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது. சிலைக்குப் பசிக்காது. சிலை மாதவாடகை கொடுக்க வேண்டியதில்லை. சிலையைப் பெண் பார்க்க வந்து சிற்றுண்டி உண்டு திரும்பிச் செல்வோர் இல்லை. ஒரு பெண்ணைத் தேவியென்று கும்பிடுபவன், அவளுக்குப் பசிக்கும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறான். யமுனாவின் மறுப்பில் நாம் கேட்கும் குரல் கற்பின் கர்வம் மட்டுமன்று. தன்னைச் சுற்றி எழுப்பப்படும் கோயிலுக்குள் குடியேற மறுக்கும் ஒரு மனுஷியின் குரல் அது.

இந்த வன்மையை ஜானகிராமன் அறிந்தே எழுதினார் என்பதற்குச் சான்று தங்கம்மா. கும்பகோணத்தில் பாபுவின் அண்டை வீட்டில், முதியவர் ஒருவருக்கு மனைவியாய் வந்து சேர்ந்த இளம்பெண் அவள். அவளுடையதும் பொருந்தாத் திருமணமே; ஆனால் அதை ஊர் பெருந்திணை என்று சொல்லவில்லை, கல்யாணம் என்றே சொன்னது. ஆணின் வயது மிகுந்திருந்தால் ஊர் வாழ்த்தும். பெண்ணின் வயது மிகுந்திருந்தால் ஊர் நகைக்கும். இரண்டு பொருந்தாமைகளையும் அடுத்தடுத்த வீட்டில் வைத்ததன் மூலம், விரிவுரை எதுவும் ஆற்றாமலே, ஆசிரியர் நம்மை ஒப்பிட வைக்கிறார்.

இரவில் அவள் பாபுவிடம் வருகிறாள். அவன் இடறுகிறான். பின்னர் குற்றவுணர்வில் துடிக்கிறான். அத்துடிப்பும் யமுனாவுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்பதைப் பற்றியதே. எதிரே நிற்கும் தங்கம்மாவுக்கு என்ன ஆகும் என்பது அவன் நெஞ்சில் இரண்டாம் இடம்தான் பெறுகிறது. அவளைத் தவிர்க்கிறான். அவள் தன்னை மாய்த்துக்கொள்கிறாள்.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். யமுனா பாபுவை மறுத்தாள். பாபு தங்கம்மாவை மறுத்தான். இரண்டும் மறுப்புதான். மறுக்கப்பட்ட பாபு பிழைத்தான். மறுக்கப்பட்ட தங்கம்மா பிழைக்கவில்லை. வேறுபாடு காதலின் ஆழத்தில் இல்லை. பாபுவுக்கு ராஜமும் ரங்கண்ணாவும் இருந்தனர். தங்கம்மாவுக்கு ஒரு மொட்டைமாடியும் ஓர் இருளும்தான் இருந்தன. நூலின் நடுவே வரும் இந்த மரணத்தைப் பாபுவின் ஆன்மிகப் பயணத்தில் ஒரு சோதனை என்று கடந்து செல்லும் விமரிசனங்களை நாம் ஏற்க இயலாது. ஒரு பெண்ணின் உயிர் மற்றொருவனின் படிக்கட்டு ஆகாது.

சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1917-இல் வெளிவந்தது. 1953-இல் தமிழ்த் திரையிலும் நம் பெற்றோரை அழ வைத்தது. காதலில் தோற்றவன் குடித்து அழிவதைக் காதலின் உயர்வாகக் கொண்டாட அது நம்மைப் பழக்கியது. 'மோகமுள்' அந்தப் பழக்கத்தை முறிக்கிறது. இதில் காதலன் அழிவதில்லை. பாடம் கேட்கிறான், வேலைக்குப் போகிறான். அழிபவள், எவரும் பாட்டெழுதாத பக்கத்து வீட்டுப் பெண். யார் அழிகிறார்கள் என்பதை உணர்ச்சியின் பெருக்கு தீர்மானிப்பதில்லை. பற்றிக்கொள்ளக் கொம்பு இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. ஜானகிராமன் தேவதாஸைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் நிற்பது இந்த இடத்தில்தான்.

மராட்டிய மகள்

இனி, மராட்டிய மண்ணில் வாழும் தமிழர்களாகிய நமக்கென்றே இந்நூலில் அமைந்திருக்கும் ஒரு செய்தியைக் காண்போம். முளா ஆற்றங்கரையில் அமைந்த இந்த ஔந்துக்கு நம்மவர் வந்த வழி பெரும்பாலும் வேலையின் வழி. கட்கியின் படைக்கலத் தொழிற்சாலைகளும், பாஷாணின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடமும், படைத்துறைக் கணக்கு அலுவலகங்களும் அழைத்தன, வந்தோம். மாற்றல் உத்தரவு கையில் வந்தவர் மூன்றாண்டு என்று வந்து முப்பதாண்டு இருந்துவிட்டனர். பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் மராத்தியும் பேசி வளர்ந்தனர்.

நமக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதே பாதையில் எதிர்த்திசையில் சென்றவர்கள் உண்டு. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரரான ஏகோஜி 1670-களில் தஞ்சையைக் கைக்கொண்டார். 1855-இல் அந்த அரசமரபு முடிவுற்றது. அரசு போயிற்று, மக்கள் போகவில்லை. சரபோஜி மன்னர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தில் மராத்திச் சுவடிகள் உறங்கின. காவிரிக்கரைத் தெருக்களில் மராத்தி பேசிய குடும்பங்கள் தமிழும் பேசி வாழ்ந்தன. பார்வதி அந்த மரபில் வந்தவள். யமுனா அவள் மகள். தஞ்சை மண்ணில் பிறந்து, காவிரி நீரைக் குடித்து, தமிழிலேயே சிரித்து அழுத அவளைத் தமிழ்க் குடும்பங்கள் தம்மவளென்று கொள்ளவில்லை. மராட்டியர்க்கும் அவள் முழுதும் உரியவளாகவில்லை. வந்த வரன்கள் திரும்பிப் போனதற்குக் காரணம் அவள் குணத்திலோ அழகிலோ இல்லை. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவராய் அவள் நின்றாள். சுவரில் எவரும் குடியிருப்பதில்லை.

யமுனாவின் மனக்காயத்துக்கு ஊற்று இதுவே. தன்னை எவரும் தேர்ந்தெடுக்கமாட்டார் என்று ஊர் பலமுறை சொல்லிக் காட்டியபின், திடீரென்று ஒருவன் வந்து நீயே என் தெய்வம் என்றால், அவள் எப்படி அதை நம்புவாள்? தன்னைவிட இளையவன், தன் குடும்பத்தால் தம்பியைப் போல் கருதப்பட்டவன். இன்று சொல்வதை நாளை அவன் தகப்பனார் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? எனவே அவள் மறுப்பைக் கல்நெஞ்சம் என்பது பிழை. அடிபட்டவர் கையை ஓங்கினாலே ஒதுங்குவர். ஓங்கிய கை அணைக்க வந்ததா அடிக்க வந்ததா என்று ஆராய்ந்துகொண்டிருக்கமாட்டார்.

1995-இல் ஞான ராஜசேகரன் இக்கதையைத் திரைப்படமாக்கியபோது யமுனாவாக நடித்தவர் மராட்டிய நடிகை அர்ச்சனா ஜோக்லேகர். படம் இயக்குநரின் முதற்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழ்ப் பெண்ணாய் ஏற்கப்படாத மராட்டிய மகளின் வேடத்துக்கு மராட்டிய மண்ணிலிருந்தே ஒருவர் வந்தது பொருத்தமே. நம் அயல்வீட்டு மராட்டிய நண்பர்களுக்குத் தமிழிலக்கியத்தை அறிமுகம் செய்ய விரும்புவோர், திருக்குறளுக்கு அடுத்தபடியாக யமுனாவின் கதையைச் சொல்லலாம். அது அவர்கள் வீட்டுப் பெண்ணின் கதையும் ஆகும்.

சுருதியும் காதலும்

நாவலில் இசை வெறும் அலங்காரமாய் வரவில்லை. பாபுவின் காமமும் அவன் சங்கீதமும் ஒரே நெஞ்சிலிருந்து எழுகின்றன. ரங்கண்ணா அவனுக்குக் கற்றுத்தரும் முதற்பாடம் பொறுமை. தந்தியை முறுக்கினால் ஒரே நொடியில் சுருதி சேர்ந்துவிடாது. முறுக்கி, கேட்டு, தளர்த்தி, மீண்டும் கேட்க வேண்டும். கேட்பதே பாதிக் கல்வி. இசையில் இதைக் கற்றுக்கொண்ட பாபு, காதலில் இதைக் கற்க ஆண்டுகள் பல ஆகின்றன. யமுனாவிடம் அவன் முதலில் பேசுகிறான், புலம்புகிறான், வேண்டுகிறான். அவள் சொல்வதைக் கேட்கத் தொடங்குவது மிகப் பிற்பாடுதான்.

மராட்டிய நாட்டிலிருந்து வரும் பாடகர்களின் குரல் வளத்தைக் கேட்டுப் பாபு வியக்கும் பகுதி நாவலில் உண்டு. நம் ஊரில் 1953-இல் பீம்சேன் ஜோஷி தொடங்கிய சவாய் கந்தர்வ விழாவில் இரவெல்லாம் அமர்ந்து கேட்டோர்க்கு அந்த வியப்பின் தன்மை எளிதில் விளங்கும். புணேயில் இசைப்பள்ளி நடத்திய கிராணா மரபின் அப்துல் கரீம் கான் சென்னையிலும் பாடிப் புகழ் பெற்றவர். 1937-இல் தமிழ்நாட்டுப் பயணத்தின்போது சிங்கப்பெருமாள்கோயில் ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். கும்பகோணத்து மாணாக்கன் ஒருவன் மராட்டியக் குரலில் தன் குறையை உணர்வது, இந்த நீண்ட போக்குவரவின் ஒரு கண்ணியே. நாவலில் இதற்கு மற்றொரு பொருளும் உண்டு. இசையில் மராட்டியத்தை வணங்கி ஏற்கும் அதே தமிழ்ச் சமூகம், பெண்ணின் உருவில் அது வந்து நின்றபோது கதவை அடைக்கிறது. ராகத்துக்குக் கோத்திரம் கேட்காத நாம் மருமகளுக்குக் கேட்கிறோம்.

இசைவும் இயலாமையும்

இனி நூலின் முடிவுக்கு வருவோம். விமரிசனம் கடினமாகும் இடம் இதுவே. பல்லாண்டு மறுத்த யமுனா, வறுமையில் நலிந்து சென்னைக்கு வந்தபின் பாபுவை ஏற்கிறாள். இதைக் காதலின் வெற்றி என்று கொள்வோர் பலர். நாம் அவ்வளவு எளிதில் கைதட்ட இயலவில்லை. உண்ண உணவும் உறங்க இடமும் ஒருவர் கையில் இருக்கும்போது, அவருக்குத் தரப்படும் இசைவு எந்த அளவு இசைவு? மறுக்கக்கூடியவர் ஏற்றால்தான் அது ஏற்பு. மறுக்க வழியற்றவர் தலையசைத்தால் அது வேறு.

ஆசிரியருக்காக வாதாடுவோர் கூறுவன இரண்டு. முதலாவது, பாபு அவள் தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அவளுக்குத் தங்க இடமும் மதிப்பும் தேடித் தருகிறான். இரண்டாவது, முடிவை எடுப்பவள் யமுனாவே. அவன் கேட்டு அவள் பணியவில்லை. இவ்விரண்டும் உண்மை. அதனால் பாபு கயவன் அல்லன் என்பது நிலைநாட்டப்படுகிறது. ஆனால் நம் வினா பாபுவின் குணத்தைப் பற்றியதன்று. நாவலின் பார்வையைப் பற்றியது. பெரும்பாலும் பாபுவின் கண் வழியாகவே கதை செல்கிறது. யமுனா பட்டினி கிடந்த காலத்தில் அவள் நெஞ்சில் என்ன ஓடிற்று, மறுப்பு எந்த நாளில் எந்த நேரத்தில் கனிந்தது என்பதை நாம் அவள் அருகிலிருந்து அறிய வாய்ப்பில்லை. அவள் மாறி வந்தபின்னரே நமக்குக் காட்டப்படுகிறாள். இது நூலின் குறை என்றே நாம் கருதுகிறோம். இத்துணைப் பெரிய பெண்ணைப் படைத்தவர் அவள் அறைக்குள் ஒரு விளக்கையாவது ஏற்றி வைத்திருக்கலாம்.

ஆயினும் அக்குறையை ஆசிரியரே ஒரு கணத்தில் பாதி ஈடு செய்துவிடுகிறார். அவர்கள் இணைந்தபின் யமுனா கேட்கும் சிறிய கேள்வி ஒன்று உண்டு. இத்தனை ஆண்டுத் தவிப்பும் இதற்காகத்தானா என்னும் பொருள்பட அமைந்த அக்கேள்வியைப் படித்தவர் எவரும் மறந்திரார். அதில் ஏளனம் இல்லை, கசப்பும் இல்லை. பாபு எழுப்பிய கோயில் முழுவதையும் ஒரே கேள்வியால் அளந்து பார்த்துவிடுகிறாள் அவள். அதுவரை அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கணத்தில் அவள் அவனைப் பார்க்கிறாள். பத்துப் பொருத்தத்தில் உணர்வு என்று தொல்காப்பியம் சொன்னது அங்கேதான் முதன்முதலாய்த் தலைகாட்டுகிறது. சிலை பேசிவிட்டது, இனி அவனால் வழிபட இயலாது, வாழத்தான் இயலும். திருமண மேளத்தோடு முடிந்திருந்தால் இந்நூலை நாம் என்றோ மறந்திருப்போம். கேள்வியோடு முடிந்ததால் அறுபதாண்டு கடந்தும் நினைவில் வைத்திருக்கிறோம்.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' 1972-இல் அக்காதெமி விருது பெற்ற நூல். அதிலும் கங்கா, பிரபு என்னும் பொருந்தாத இருவர். இருவருமே உள்ளே உடைந்தவர்கள். ஜெயகாந்தன் ஊரை நேருக்கு நேர் நிறுத்தி வழக்காடுகிறார். அவர் நூலில் சாட்சிகள் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. ஜானகிராமன் வழக்காடுவதில்லை, காவிரிப் படித்துறையில் அமர்ந்து வருவோர் போவோரைக் காட்டுகிறார். அங்கே நமக்குச் சினம் எழுகிறது. இங்கே நமக்கு நாணம் எழுகிறது. பெண் பார்க்க வந்து திரும்பிப் போனவர்களுள் நம் வீட்டார் ஒருவராவது இருந்திருப்பரே என்னும் நாணம் அது.

நிறைவாக

வடமதுரையோ தென்மதுரையோ, மனிதர் கலந்து வாழும் இடத்தில் பொருந்தாதார் சந்திப்பது தவிர்க்க முடியாதது. நாம் வாழும் இந்நாட்டின் பழைய மகாராட்டிரப் பிராகிருதத்தில் தொகுக்கப்பட்ட 'காதா சப்தசதி'யின் காதற்பாடல்கள் நம் அகப்பாடல்களோடு உறவுடையன என்று அறிஞர் ஆராய்ந்து கூறியுள்ளனர். மொழிகள் ஒன்றையொன்று காதலித்துக் கலந்திருக்கின்றன; வீடுகள்தாம் தயங்குகின்றன.

நம் சங்கத்துக் குடும்பங்களில் மராட்டிய மருமகளும் மருமகனும் இன்று புதியவரல்லர். அவர்தம் பிள்ளைகள் தமிழ்ப்புத்தாண்டு அன்றும் குடிபாட்வா அன்றும் நம்மோடு இருப்பவர்கள். இக்குழந்தைகளைப் பற்றி நம் கூடத்தில் எத்தகைய சொற்கள் பேசப்படுகின்றன? ஊருக்குப் போகும்போது, தாத்தா பாட்டி வீட்டில், அவர்களின் தமிழ் உச்சரிப்பைக் கண்டு சிரிப்பவர் யார்? நாளை அவர்களுக்கு வரன் தேடும் வேளையில், வந்தவர் திரும்பிச் சென்றால், பக்கத்தில் நின்று தாங்கப்போகிறவர் யார்? யமுனாவை அழித்தது வறுமை என்று சொல்வது எளிது. வறுமைக்கு முன்பே அவளைத் தனியாக்கியவர்கள் நல்ல குடும்பத்து மனிதர்கள், கோயிலுக்குப் போனவர்கள், கச்சேரி கேட்டவர்கள், நம்மைப் போன்றவர்கள்.

காதல் பொருத்தமாய் அமைவது எவர் கையிலும் இல்லை. அன்பு கொண்ட இருவருள் எளியவருக்கு மறுக்கவும் வழி இருக்க வேண்டும். மறுத்தபின் உண்ண ஒரு வீடும் பேச ஒரு துணையும் இருக்க வேண்டும். அது நம் கையில் இருக்கிறது. அப்படி ஒரு வீடு கும்பகோணத்தில் இருந்திருந்தால் தங்கம்மா வாழ்ந்திருப்பாள்; யமுனா தன் விருப்பப்படி மறுத்திருப்பாள், அல்லது தன் விருப்பப்படி ஏற்றிருப்பாள். 'மோகமுள்'ளை முன்பு படித்தவர்கள் இம்முறை யமுனாவின் பக்கத்தில் அமர்ந்து மீண்டும் படிக்குமாறு வேண்டுகிறோம். படிக்காதவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கலாம். ஒளித்துவைக்க அதில் ஒன்றுமில்லை.